வாலியின் வழக்கை வகுப்பறையில் பேச விடுங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலூக்காவின் தமிழ்வழிப் பள்ளிகளில் பணியாற்றும் தமிழாசிரியர்களுக்கும், தமிழ்ப் பாடநூல்களைத் தொகுக்கும் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில், வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசி வளரும் பிள்ளைகள் நிறைந்த ஊர்களுள் ஒன்றிலிருந்து இம்மடலை எழுதுகிறேன். எங்கள் ஊர் வாயனசாலைக்கு, அதாவது படிப்பகத்துக்கு, மாலையில் படிக்க வரும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து காப்பியப் பகுதிகளையும் நாடகக் காட்சிகளையும் வாசிப்பது என் வழக்கம். அந்தப் பழக்கத்தில் கண்ட ஒரு குறையை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். நம் பிள்ளைகள் இராவணனையும் கைகேயியையும் கண்ணகியையும் பெயரளவில் அறிந்திருக்கிறார்கள். அவர்கள் என்ன பேசினார்கள், யாரிடம் பேசினார்கள், அப்படிப் பேசும் நிலைக்கு எவ்வாறு வந்தார்கள் என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. காப்பியப் பகுதி பாடமாக வரும்போதெல்லாம் பின்னால் வரும் வினா பெரும்பாலும் ஒன்றுதான்: இன்னாரின் குணநலன்களை எழுதுக. அதற்கு விடையாகக் கையேடுகளில் அச்சிடப்பட்டிருப்பவை துணைத்தலைப்புகள். கண்ணகி என்றால் கற்பு, பொறுமை, வீரம்; கைகேயி என்றால் பொறாமை, பிடிவாதம்; கும்பகருணன் என்றால் உறக்கம், செஞ்சோற்றுக் கடன். பிள்ளைகள் இவற்றை மனப்பாடம் செய்கிறார்கள், எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். அந்தப் பாத்திரம் வாய் திறந்து சொன்ன ஒரு வாக்கியத்தைக்கூட வாசிக்காமலே இவ்வளவையும் செய்துவிட முடிகிறது என்பதுதான் என்னை வருத்துகிறது.

கம்பராமாயணத்தின் கிட்கிந்தா காண்டத்து வாலி வதைப் படலத்தை எடுத்துக்கொண்டு இதை விளக்க முயல்கிறேன். கையேட்டு வாலி இரண்டு வரிகளில் முடிந்துபோகிறான்: ஆணவம் மிக்கவன், தம்பியின் மனைவியைக் கவர்ந்தவன். இரண்டும் பொய்யல்ல. ஆனால் கம்பன் அவனை நமக்கு எந்த வரிசையில் காட்டுகிறான் என்பதைப் பாருங்கள். சுக்கிரீவன் போருக்கு அழைக்கிறான்; வாலி எழுகிறான்; தாரை குறுக்கே நின்று தடுத்து, இராமன் என்பவன் உன் தம்பிக்குத் துணையாக வந்திருக்கிறான், உன் உயிரைக் கொள்ள வந்திருக்கிறான் என்கிறாள். வாலி அவளைச் சினக்கிறான். எதற்காகச் சினக்கிறான்? இராமனைக் குறைத்துப் பேசினாள் என்பதற்காக. தனக்கு உரிய அரசைத் தம்பிக்கு மகிழ்ந்து கொடுத்தவன், தம்பியரைத் தவிரத் தனக்கு வேறு உயிர் இல்லை என்று வாழ்பவன், நானும் என் தம்பியும் பொரும் போரில் இடைபுகுந்து அம்பு தொடுப்பானா என்று கேட்கிறான். "அம்பு இடை தொடுக்குமோ, அருளின் ஆழியான்" என்பது வாலியின் வாக்கு. இராமன்மேல் இத்தனை நம்பிக்கை வைத்துக்கொண்டு போர்க்களம் புகுந்தவனுடைய மார்பில்தான் அந்த அம்பு பாய்கிறது. பாய்ந்த அம்பைக் கையால் பற்றி, அதில் பொறித்த பெயரைத் தன் கண்ணாலேயே படித்து அறிகிறான்.

இவ்வளவையும் வாசித்த பிறகு, "ஆவியை, சனகன் பெற்ற அன்னத்தை, அமிழ்தின் வந்த தேவியைப் பிரிந்த பின்னை, திகைத்தனை போலும் செய்கை" என்று அவன் இராமனைப் பார்த்துச் சொல்லும் இடத்துக்கு வந்தால், அது ஆணவக்காரனின் ஏச்சாக ஒலிக்காது. நம்பி ஏமாந்தவனின் வேதனை அதில் கேட்கும். அதனினும் உள்ளே, மனைவியைப் பிரிந்ததால் உன் அறிவு தடுமாறிப்போயிற்றோ என்று எதிரிக்கு அவனே ஒரு காரணம் தேடிக் கொடுக்கும் பெருந்தன்மையும் கேட்கும். தாரையோடு அவன் பேசிய பேச்சைப் பாடத்தில் சேர்க்காமல், இராமனை இகழும் பாடல்களை மட்டும் சேர்த்தால், பிள்ளை எப்படி இதைக் கண்டுகொள்ளும்?

வழக்கு அங்கே முடிவதும் இல்லை. தம்பியின் மனைவியைக் கவர்ந்தது குற்றம் என்கிறான் இராமன். நாங்கள் விலங்குகள், மனிதருக்கு வகுத்த அறம் எங்களுக்கு ஏது என்கிறான் வாலி. நன்மை தீமை தெரியாமல் வாழ்வதுதான் விலங்கின் இயல்பு, நீயோ அறநெறி முழுதும் அறிந்தவன், உனக்கு அந்தச் சாக்கு பொருந்தாது என்கிறான் இராமன். இது வலுவான மறுமொழி. நான் வாசித்த அளவில் வாலியின் வாதம் இந்த இடத்தில்தான் தளர்கிறது. ஆனாலும் அவன் விடவில்லை. நீ சொன்னது சரியென்றே இருக்கட்டும், எதிரே வந்து பொராமல் வேடனைப்போல் மறைந்து நின்று எய்தது ஏன் என்று கேட்கிறான். இந்தக் கேள்விக்கு விடை சொல்வது இராமன் அல்லன், இலக்குவன். உன் தம்பி முன்னே வந்து சரண் புகுந்துவிட்டான். நேரில் வந்தால் நீயும் அடைக்கலம் என்று விழக்கூடும். அதை எண்ணியே மறைந்து நின்றான் என்பது அவன் சொன்ன விடை.

ஏன் இலக்குவன்? இராமன் வாயால் இதைச் சொல்ல வைக்கக் கம்பன் தயங்கினானா, தானே சொன்னால் தன்னைக் காத்துக்கொள்ளும் பேச்சாகிவிடும் என்று இராமன் வாளாவிருந்தானா, அண்ணன்மேல் பழி வருவதைப் பொறுக்காத தம்பியின் இயல்பு இங்கே முந்திக்கொண்டதா? மூன்றுக்கும் பாடல்களிலிருந்தே சான்று காட்டி வாதாடலாம். எங்கள் வாயனசாலையில் இந்தக் கேள்வியை எழுப்பியபோது, பள்ளியில் வாய் திறக்காத பிள்ளை என்று ஆசிரியர்கள் சொல்லும் ஒரு சிறுமி, "தம்பியால் செத்துக்கொண்டிருக்கிற அண்ணனுக்கு ஒரு தம்பி பதில் சொல்கிறான்" என்றாள். இப்படி ஒரு விடையை எந்தத் துணைத்தலைப்பின் கீழ் எழுதுவது?

பிறகு வாலி தேறுகிறான். சாகும் வேளையில் ஒரு வரம் கேட்கிறான். என் தம்பி மதுவை உண்டு அறிவு மாறித் தீமை செய்தாலும், அவன்மேல் சினந்து என்மேல் விட்ட அம்பை விட்டுவிடாதே என்பது அந்த வரம். தன்னைக் கொல்ல ஆள் கூட்டிவந்த தம்பிக்காக இறைஞ்சுகிறான். அவன் அஞ்சியதுபோலவே கார்காலம் கழிந்தும் சுக்கிரீவன் குடியில் மயங்கிச் சொன்ன சொல்லை மறந்து கிடக்கிறான். இலக்குவன் சினத்தோடு கிட்கிந்தைக்கு வருகிறான். தம்பியை எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தான் அந்த அண்ணன் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. காப்பியத்தில் ஒரு பாத்திரத்தின் இயல்பு இப்படிப் பல படலங்களுக்கு ஊடே ஓடுகிறது. அதைப் பண்புகளின் பட்டியலாக வெட்டி எடுத்தால் கையில் எதுவும் மிஞ்சாது.

இந்த முறையில் கற்பிக்க நமக்கு மாதிரி வேண்டுமென்றால், பாலக்காட்டு மாவட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாரதப்புழைக் கரையோரத்துப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. திரைக்குப் பின்னே இருபத்தொரு விளக்குகளை வரிசையாக ஏற்றி வைத்து, பாவைகளின் நிழல் வெண்துணியில் விழ, புலவர்கள் இரவு முழுவதும் பாடுவது கம்பராமாயணம். ஷொர்ணூர் அருகே கவளப்பாறை ஆரியங்காவில் இது 21 இரவுகள் நீள்கிறது. இக்கலையைக் காத்து வரும் குடும்பத்தைச் சேர்ந்த இராமச்சந்திர புலவருக்கு 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வீட்டில் மலையாளம் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பாடல்களை நெஞ்சில் ஏந்திக் காத்து வருகின்றன; வீட்டில் தமிழ் பேசும் நம் பிள்ளைகளிலோ அந்தக் கூத்தை ஒருமுறையேனும் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

கூத்தை நான் இங்கே நினைவூட்டுவது அதன் பழமைக்காக மட்டும் அன்று. புலவர்கள் பாடலைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதில்லை. ஒருவர் கேட்க மற்றவர் மறுமொழி தர, பொருளும் தடையும் விடையுமாகப் பாட்டு விரிகிறது. இராமன் பேசும்போது இராமனுக்காகவும், இராவணன் பேசும்போது இராவணனுக்காகவும் அதே நாவுகள் முழு வலிமையோடு வாதாடுகின்றன. ஆடல்பற்று என்று அவர்கள் வழங்கும் கூத்துப் பனுவலில் கம்பனில் இல்லாத நிகழ்ச்சிகளும் உண்டு. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் காட்டில் தவம் செய்துகொண்டிருக்கும்போது, அறியாமல் இலக்குவன் கையால் மாண்டுபோவது அவற்றுள் ஒன்று. கம்பனில் சூர்ப்பணகை வருகிறபோது "அன்னம் என, மின்னும் வஞ்சி என, நஞ்சம் என, வஞ்ச மகள் வந்தாள்" என்று பாட்டின் நடையே அவளோடு சேர்ந்து அசைந்து வருகிறது. அழகும் நஞ்சும் ஒரே மூச்சில் வருகின்றன. கூத்திலோ அவள் மகனை இழந்த தாயும் ஆகிறாள். இரண்டையும் அருகருகே வைத்து, எந்தச் சூர்ப்பணகையின் செயல் உனக்கு விளங்குகிறது, எதனால் விளங்குகிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். ஒரு நிகழ்ச்சியைக் கூட்டுவதாலோ குறைப்பதாலோ ஒரு பாத்திரம் எப்படி வேறொன்றாகிறது என்பதை அந்தப் பிள்ளை ஒரே மாலையில் கற்றுக்கொள்ளும்.

எல்லைப்புறத்தில் வளர்வதால் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு செல்வமும் வாய்த்திருக்கிறது. கர்க்கடகம் என்னும் மலையாள மாதம் முழுவதும் அண்டை வீடுகளில் மலையாளக் கவி எழுத்தச்சனின் அத்யாத்ம இராமாயணம் வாசிக்கக் கேட்கிறார்கள். அந்த எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் நம் சித்தூரிலேயே இருக்கிறது. எழுத்தச்சனில் இராவணன் கொண்டுபோவது மாயாசீதையை. கம்பனில் அவன் சீதையைத் தீண்ட அஞ்சிப் பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்தெடுத்துச் செல்கிறான். இரண்டு கவிஞர்களும் ஒரே சிக்கலை எதிர்கொண்டு இரு வேறு வழிகளில் தீர்த்திருக்கிறார்கள். முதல் வழியில் சீதையின் துயரத்துக்கு என்ன ஆகிறது, இரண்டாவதில் இராவணனின் அச்சம் நமக்கு எதைச் சொல்கிறது என்பவை நம் ஊர்ப் பிள்ளைகளால் மட்டுமே இயல்பாக எழுப்பக்கூடிய கேள்விகள். கதகளி பார்த்த பிள்ளைக்கும் ஒன்று தெரியும்: இராவணனுக்கு இடும் கத்தி வேஷத்தில், இராமனுக்கு உரிய பச்சை முகத்தில் இருந்து துடைத்தெறியப்படுவதில்லை, பச்சையின்மேலேதான் கத்தி வடிவச் சிவப்பு தீட்டப்படுகிறது. உயர்குடிப் பிறப்பையும் செருக்கையும் ஒரே முகத்தில் எழுதிக் காட்டுகிறார்கள் அந்தக் கலைஞர்கள்.

கண்ணகியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் குணநலன் வினாவால் மிகுதியும் சிதைந்தவள் அவளே. பொறுமையின் சின்னமாக இருந்தவள் திடீரென்று பொங்கி மதுரையை எரித்தாள் என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் அந்தத் திடீர் இல்லை. கொலைக்களக் காதையில், மாதரியின் இல்லத்தில் தன் கையால் சமைத்து உணவிட்ட பிறகு, எழு என்றதும் எழுந்து வந்தாயே என்று கோவலன் கலங்கும்போது, கண்ணகி அவன் முகத்துக்கு நேரே "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்கிறாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் குற்றத்தைக் குற்றம் என்று பெயரிட்டுச் சொல்லிவிடுகிறாள். "தேரா மன்னா செப்புவது உடையேன்" என்று அரசவையில் நின்றவள் இவளேதான். கணவனிடம் உண்மை பேசத் தெரிந்தவள் அரசனிடமும் பேசினாள். அந்த முதல் வரியைப் பிள்ளை வாசித்திருந்தால் இரண்டாம் வரி வியப்பாக இராது, விளைவாக இருக்கும்.

பாண்டியனும் அப்படியே. அவன் கொடுங்கோலன் அல்லன். ஊடிச் சென்ற தேவியின் மனத்தைத் தணிக்க விரைந்துகொண்டிருந்த அந்த ஒரு நேரத்தில் பொற்கொல்லன் வந்து வாய்க்கிறான். அரசன் ஆராயாமல் ஆணையிடுகிறான். இருப்பினும் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த கணத்தில் ஒரு சாக்கும் தேடாமல் "யானோ அரசன், யானே கள்வன்" என்று வீழ்ந்து உயிர்விடுகிறான். இங்கே நான் கிரேக்க நாடகம் ஒன்றைத் துணைக்கு அழைக்கிறேன். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் சோஃபாக்ளீஸ் எழுதிய ஆன்டிகனி நாடகத்திலும் ஒரு பெண் அரசனை எதிர்த்து நிற்கிறாள். நகரத்தின்மேல் படையெடுத்து வந்து மாண்ட அண்ணனின் உடலை அடக்கம் செய்யக் கூடாது என்பது அரசன் கிரியோனின் ஆணை. தெய்வங்களின் எழுதாச் சட்டம் அதனினும் பெரிது என்று அவள் மீறுகிறாள். கிரியோனுக்கும் ஒரு நியாயம் உண்டு. உள்நாட்டுப் போரிலிருந்து அப்போதுதான் மீண்ட நகரத்தை அவன் காக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பாண்டியன் ஒரு கணத்தில் கண்டதைக் காண அவனுக்கு மகனின் மன்றாட்டும் போதவில்லை, குருட்டுத் தீர்க்கதரிசியின் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மனம் மாறிய பின்னும் முதலில் பிணத்தை அடக்கம் செய்துவிட்டுத்தான், அவளை உயிரோடு அடைத்துவைத்த குகைக்குப் போகிறான். அதற்குள் ஆன்டிகனி தூக்கிட்டு இறந்துகிடக்கிறாள். மகன் சாகிறான், மனைவி சாகிறாள், கிரியோன் மட்டும் உயிரோடு விடப்படுகிறான். பிழையை உணர்ந்த கணமே இறக்கும் அரசனையும், உணர்ந்த பிறகு வாழ்ந்தே தீர வேண்டிய அரசனையும் எதிரெதிரே நிறுத்தி, தண்டனை என்பது எது என்று கேட்டால் வகுப்பறை சும்மா இருக்குமா?

இதற்கு எழக்கூடிய தடைகளை நான் அறியாதவன் அல்லன். தேர்வுக்கு நேரம் போதாது என்பது ஒன்று. முழுப் படலங்களையும் நடத்தக் கேட்கவில்லை. ஒரு பாத்திரத்துக்கு இரண்டு இடங்கள், ஒன்றோடொன்று பேசும்படியான இரண்டு இடங்கள் போதும் என்கிறேன். மற்றொரு தடை நுட்பமானது. இராமனைக் குற்றஞ்சாட்டும் வாதத்தைப் பிள்ளைகள் வாயால் பேச வைத்தால் பெற்றோர் மனம் புண்படுமே என்று ஆசிரியர்கள் சிலர் என்னிடம் கவலையோடு சொன்னதுண்டு. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆயினும் கூத்துமாடம் எங்கே நிற்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். தாரிகன் என்னும் அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராவண வதத்தைக் காண இயலாமற்போன பகவதி காண வேண்டும் என்பதற்காகவே, கோயிலை நோக்கி அந்த மாடம் கட்டப்பட்டிருக்கிறது. பார்க்க மனிதர் ஒருவரும் இல்லாத இரவுகளிலும் தெய்வத்துக்காகக் கூத்து நடக்கிறது. எதிர்வாதங்களை ஒளிக்காமல் முழுமையாக நடத்தும் வழிபாடு அது. கம்பனைவிட இராமபக்தி மிக்கவர்கள் நாம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவனே வாலிக்கு இத்தனை பாடல்களைக் கொடுத்திருக்கிறான்.

பாடநூல் குழுவினரிடம் என் வேண்டுகோள் இது. காப்பியப் பகுதியைத் தெரிவு செய்யும்போது ஒருவரின் பேச்சை மட்டும் எடுக்காமல், அதற்கு மறுமொழியாக வரும் பேச்சையும் சேர்த்து எடுங்கள். கும்பகருணனைப் பாடமாக வைத்தால், "நீர்க்கோல வாழ்வை நச்சி" என்று வீடணனுக்கு அவன் விடைகொடுக்கும் பாட்டோடு, அவையில் அண்ணனை நோக்கி "பேசுவது மானம், இடை பேணுவது காமம்" என்று இடித்துரைத்த பாட்டையும் சேருங்கள். தவறு என்று தெரிந்தும் அண்ணனுக்காக உயிர்கொடுக்கப் போகிறவனின் முழுச் சுமை அப்போதுதான் தெரியும். கைகேயியைப் பாடமாக வைத்தால், இராமனுக்கு முடிசூட்டு என்ற செய்தி கேட்டு மகிழ்ந்து கூனிக்கு மாலை பரிசளித்தாளே, அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். குணநலன் வினாவின் இடத்தில் ஒரு பாடலைக் கொடுத்து, இதைச் சொல்பவர் இதற்குச் சற்று முன் எதை இழந்தார், கேட்பவரிடம் எதை எதிர்பார்க்கிறார், கேட்பவர் வேறு என்ன மறுமொழி சொல்லியிருக்கலாம் என்று கேளுங்கள். கையேட்டில் இதற்கு ஆயத்த விடை எழுதி வைக்க முடியாது. திருத்துவதற்குக் கூடுதல் உழைப்பு வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆசிரியர்களிடம் கேட்பது இன்னும் எளியது. கலோல்சவம் என்னும் பள்ளிக் கலைவிழாவுக்குத் தமிழ்ச் செய்யுள் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குகிறீர்கள். குரலும் உச்சரிப்பும் திருந்த நீங்கள் படும் பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பாடலை யார், யாரிடம், எந்த நிலையில் சொல்கிறார் என்பதையும் அதே பயிற்சியில் பேசிவிடுங்கள். குரல் தானே வழி கண்டுகொள்ளும். கூத்துக்காலம் தை மாதத்தில் தொடங்குகிறது. மார்ச் மாதத் தேர்வுகள் நெருங்கிவிட்டால் பிள்ளைகளை அழைத்துப் போக இயலாது. ஆகவே அதற்கு முன் ஒரு சனிக்கிழமை இரவைத் தேர்ந்து, பெற்றோரின் இசைவோடு பத்தாம் வகுப்பைக் கூத்துமாடத்துக்கு அழைத்துச் செல்ல முடியுமா என்று உங்கள் பள்ளிகளில் கலந்து பேசுங்கள். அன்று பாடப்போகும் பகுதி எது என்று புலவர்களிடம் முன்கூட்டியே கேட்டறிந்து, அதற்குரிய கம்பன் பாடல்களைப் பெரிய எழுத்தில் படியெடுத்துத் தரும் பொறுப்பையும், பயணத்துக்கு முந்திய வாரத்தில் அவற்றைப் பிள்ளைகளோடு வாசிக்கும் பொறுப்பையும் எங்கள் வாயனசாலை ஏற்றுக்கொள்ளும். எந்தப் பள்ளி முதலில் வருகிறது என்று சொன்னால், நாள் குறிக்கும் வேலையை அடுத்த நாளே தொடங்கிவிடலாம்.

மிக்க மரியாதையுடன்,
சித்தூர் தாலூக்காவிலிருந்து ஒரு வாயனசாலை வாசகர்